இரவு மலிவு கரண்ட் திட்டம்: ஒரு வருடம் வைத்திருந்து பார்த்த பிறகு

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை யூனிட்டுக்கு நாற்பது சதவீதம் குறைவு என்ற ஒற்றை வரியைப் பார்த்துத்தான் இந்தத் திட்டத்துக்கு மாறினேன். முதல் மாத பில் கூடித்தான் வந்தது. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குக் கிளம்பினேன், அப்புறம் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தால் பில்லில் ஒரு தப்பும் இல்லை, தப்பெல்லாம் என் கணக்கில். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது இரவு விலை. பகல் விலை இருபது சதவீதம் ஏறியிருக்கிறது என்பது ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, நான் முதல் பக்கத்தோடு கையெழுத்துப் போட்ட ஆள்.

பழைய ஒரே விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுத் திட்டத்தில் பகல் 120, இரவு 60. இதில் நஷ்டம் வராமல் இருக்க, பகலில் ஏறிய 20-ஐ, பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசமான 60-ஆல் வகுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வருகிறது. அதாவது நம் வீட்டு மொத்த யூனிட்டில் 33 சதவீதத்துக்கு மேல் இரவில் ஓடினால்தான் ஒரு பைசாவாவது மிஞ்சும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: எட்டு மணி நேரம் என்பதும் ஒரு நாளில் சரியாக மூன்றில் ஒரு பங்குதான். ஆக, வீடு முழுக்க ஒரு ஃப்ரிட்ஜ் மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் மனிதர்கள் இரவில் தூங்குகிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள். அதனால் சும்மா மாறிவிட்டு வழக்கம்போல் இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குக் கை கடிக்கத்தான் செய்யும், எங்களுக்குக் கடித்த மாதிரி.

மாறுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியத்தை மாறிய பிறகு செய்தேன். ஒரு வாரம், இரவு பத்துக்கு ஒரு தடவை, காலை ஆறுக்கு ஒரு தடவை மீட்டர் ரீடிங்கை எழுதி வைத்தேன். மொத்தம் 84 யூனிட், அதில் இரவு வெறும் 19. சதவீதத்தில் 23-கூட இல்லை. பழைய விலையில் 8400 ஆகியிருக்க வேண்டியது புதுக் கணக்கில் 8940. இதற்கு ஆப் வேண்டாம், ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம், ஒரு பென்சிலும் ஏழு நாளும் போதும். அந்த ஏழு நாளில் ஊருக்குப் போகாதீர்கள், விருந்தாளி வரும் வாரமாகவும் இருக்கக் கூடாது.

சரி, எதையெல்லாம் இரவுக்குத் தள்ளலாம்? எல்லாரும் முதலில் விளக்கையும் செல்போன் சார்ஜரையும் பிடிப்பார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஒன்பது வாட் எல்இடி பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட வராது. காசு இருப்பது சூட்டில், அதிலும் தண்ணீரைச் சூடாக்குவதில். எங்கள் கீசர் 100 லிட்டர். தொட்டித் தண்ணீர் முழுவதும் 25 டிகிரியில் இருந்தால் அதை 60-க்கு ஏற்றச் சுமார் 4 யூனிட் வேண்டும், இரண்டு கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டு மணி நேரம், முந்தைய நாள் வெந்நீர் மிச்சம் இருந்தால் அதைவிடக் குறைவு. நாங்கள் காலை ஆறரைக்குச் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தோம், அதாவது மலிவு நேரம் முடிந்து அரை மணி கழித்து, தினமும். ஒரு டைமர் வாங்கிப் போட்டு நாலு மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடியும்படி வைத்தேன். இரவு பத்துக்கே சூடாக்கினால் காலைக்குள் தொட்டி கொஞ்சம் ஆறிவிடும், ஆறுவதும் யூனிட்தான், அதனால் மலிவு நேரத்தின் வாலைப் பிடிப்பதே நல்லது. மின்சார ஸ்கூட்டரை அலுவலகத்திலிருந்து வந்ததும் செருகுவதை விட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது செருகினேன். இந்த இரண்டே மாற்றத்தில் வாரத்துக்கு 24 யூனிட் பகலிலிருந்து இரவுக்குப் போனது. 41 பகல், 43 இரவு, கணக்கு 7500. பழைய திட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைவு.

உடனே எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது மாதம் திரும்பவும் பில் ஏறியது. காரணம் அந்த டைமர். நான் வாங்கியது முள் சுற்றுகிற மலிவு ரகம், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும். சின்னச் சின்ன மின்தடைகள் சேர்ந்து மூன்று மணி நேரம் பின்தங்கி, கீசர் ஏழு மணிக்கு, முழுப் பகல் விலையில், கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. குளிக்கப் போனால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரே வாங்குங்கள், கீசர் இழுக்கும் ஆம்பியரைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, பில்லுக்கு நம் சுவர்க் கடிகாரம் கணக்கில்லை, மீட்டருக்குள் இருக்கும் கடிகாரம்தான் கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கலாம், அதனால் இரண்டு பக்கமும் கால் மணி நேரம் விட்டு வையுங்கள்.

வாஷிங் மெஷினை இரவு இரண்டு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். வேண்டாம். ஸ்பின் ஆகும்போது தரை அதிர்ந்து கீழ் வீட்டுக்காரர் மறுநாள் பார்த்த பார்வை ஒரு பக்கம், ஈரத்துணி மூன்று நான்கு மணி நேரம் உள்ளேயே கிடந்து வந்த வாடை ஒரு பக்கம். அதோடு எல்லாரும் தூங்கும்போது வாஷிங் மெஷின், டிரையர் ஓட்டுவது தீ விபத்துக் கோணத்திலும் நல்ல பழக்கம் இல்லை, டிரையரின் பஞ்சுத் தூசி தீப்பிடிக்கக்கூடியது. குளிர்ந்த தண்ணீரில் துவைக்கிற மெஷின் ஒரு தடவைக்கு அரை யூனிட்டுகூட எடுக்காது, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது கஞ்சத்தனத்திலும் மோசமான கஞ்சத்தனம். தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கிற ரகம் என்றால் காலை ஐந்து மணிக்கு எழுந்து போடலாம், எழுகிற ஆளாக இருந்தால்.

இன்வெர்ட்டரை இரவில் ஏற்றிப் பகலில் ஓட்டலாமே என்று ஒருவர் கேட்டார். ஈய பேட்டரியில் நூறு போட்டால் எழுபது, எண்பதுதான் திரும்பி வரும். 60-க்கு வாங்கிய யூனிட் கைக்கு வரும்போது 80 ஆகிவிடுகிறது. 120-உடன் பார்த்தால் இன்னும் லாபம்தான், ஆனால் தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் அந்த பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும். புது பேட்டரி விலையை அதில் சேர்த்துப் பாருங்கள். நான் பார்த்தேன், அந்த யோசனையை அன்றே விட்டுவிட்டேன்.

என் அக்கா வீட்டில் கதை வேறு. இரண்டு படுக்கையறையிலும் இரவு முழுக்க ஏசி, பகலில் எல்லாரும் வெளியே. அவள் ஒரு டைமர்கூட வாங்கவில்லை, ஒரு பழக்கத்தையும் மாற்றவில்லை, எனக்கு முன்பே லாபம் பார்த்துவிட்டாள். எங்கள் பெற்றோர் வீட்டில் இதையே நான் சொல்ல மாட்டேன்: பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள், மதியம் ஏசி, கேஸில் வெந்நீர். அங்கே இரவுக்குத் தள்ள ஒன்றுமே இல்லை, பகல் விலை ஏற்றம் மட்டும்தான் மிஞ்சும். மலிவாக இருக்கிறதென்று இரவில் கூடுதலாக ஓட்டுவதும் சேமிப்பு இல்லை, அது ஒரு செலவு.

இரவு ஏன் மலிவு என்றால், அணு, நிலக்கரி நிலையங்களை இஷ்டத்துக்கு அணைத்து எழுப்ப முடியாது, ஊர் தூங்கினாலும் அவை ஓடியாக வேண்டும். பிரிட்டனில் 1978-இல் வந்த எகானமி 7 என்ற திட்டம் அப்படிப்பட்டதுதான், பெயரில் உள்ள 7 இரவின் ஏழு மலிவு மணி நேரம். இப்போது சூரிய மின்சாரம் பெருகிய இடங்களில் உபரி வருவது நடுப்பகலில், விலை ஏறுவது பொழுது சாய்ந்த பிறகு. ஆகவே திட்டத்தின் பெயரில் இரவு இருக்கிறதே என்று நம்பாமல் மணிக்கணக்கைப் படியுங்கள். சில திட்டங்களில் மாலைக்கென்று தனியாக மூன்றாவது விலையும் உண்டு, அது எல்லாவற்றையும்விடக் காரமானது.

சேவையைப் பொறுத்தவரை, மீட்டர் மாற்றியது சுத்தமான வேலை, அரை மணியில் முடிந்தது. பில்லில் பகல், இரவு யூனிட்டைத் தனித்தனியாகக் காட்டுகிறார்கள், அதுவும் நல்லது. உதவி எண்ணில் கேட்டால் மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொன்னார்கள், ஒருவர் பத்து, இன்னொருவர் பதினொன்று. எழுத்தில் வாங்கிய பிறகுதான் நிம்மதி. நடுவில் விலகினால் கட்டணம் உண்டு என்பதையும் அதே மூன்றாம் பக்கத்தில்தான் கண்டுபிடித்தேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அக்கா ஐந்தும் கொடுப்பாள்.

அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், பகல் விலை இன்னும் ஏறும் என்கிறார்கள். கீசர் அதிகம் ஓடாத வெயில் மாதங்களில் என் இரவுப் பங்கு குறையும் என்பதால் அந்த மாதங்களுக்குத் தனியாக ஒரு தரம் பென்சிலோடு உட்கார்ந்தாயிற்று. மற்ற மாதங்களில், இப்போதைய 41, 43 கணக்குப்படி, இரவு விலை மாறாமல் இருந்தால் பகல் 140 வரை போனாலும் தாங்கும். மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் அந்த 140-ஐ எழுதி ஒட்டியிருக்கிறேன், பக்கத்திலேயே டைமர் மணியைச் சரிபார்த்த தேதியும்.