பளபளப்பா, மேட்டா? தமிழ் படிக்கிற கண்ணுக்கு எந்த லேப்டாப் திரை?

லேப்டாப் வாங்கப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது ராம் எவ்வளவு, ப்ராசஸர் எது என்பதைத்தான். திரையைப் பற்றிக் கேட்டால் "ஃபுல் எச்டி சார்" என்று கடைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பல மாடல்களில் ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், எஸ்எஸ்டியையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திரையோடு மட்டும் நாலைந்து வருஷம் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

என் வேலை மெய்ப்பு பார்ப்பது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தமிழ் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதலில் ரெசல்யூஷன், அதாவது திரையில் அகலத்துக்கும் உயரத்துக்கும் எத்தனை பிக்சல் (ஒளிப்புள்ளி) என்ற கணக்கு. 15.6 அங்குலத்தில் 1366×768 என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கு அது எப்படியோ தாக்குப்பிடித்துவிடும், தமிழுக்குத் தாங்காது. கி-க்கும் கீ-க்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழிதான், ணு-வும் னு-வும் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சலில் சாம்பல் நிறத் தீற்றலாகிவிடும். 'கல்வி'யில் புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று தமிழ் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய மாடல், மலிவு என்று யாராவது இந்த ரெசல்யூஷனைக் காட்டினால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து 1920×1080, கடைக்காரர் சொல்கிற ஃபுல் எச்டி இதுதான். 15.6 அங்குலத்தில் 141 புள்ளிகள், 14 அங்குலத்தில் 157. அதே 14 அங்குலத்தில் 1920×1200 என்றால் 162. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கூடுதலாகக் கிடைக்கிற அந்த 120 வரிசை பிக்சல்கள் உயரத்தில் கிடைக்கின்றன, பக்கத்தில் இன்னும் சில வரி தெரியும். எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் 16:9-ஐ விட (1920×1080-இன் அகல உயர விகிதம்) 16:10 திரைதான் (1920×1200) மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கு மேலே 2560×1600, 2880×1800, 4கே (3840×2160) என்று போகிறது. நல்ல பார்வை உள்ள கண் அரை மீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு 175 புள்ளிகள் வரைக்கும்தான் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் என்பது பொதுவான கணக்கு. 14 அங்குல 2560×1600 திரையில் 216 புள்ளிகள். எழுத்து அச்சடித்த மாதிரி வழவழவென்று தெரியும், குனிந்து கிட்டத்தில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு அது உண்மையிலேயே சுகம். 15.6 அங்குலத்தில் 4கே என்றால் 282. ஃபுல் எச்டியில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 4கே-யில் 83 லட்சம், அத்தனையையும் இயக்கப் பேட்டரி செலவாகும். எழுத்து வேலைக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் முடிவு.

இன்னொரு சிக்கல், சென்னையில் புத்தக வேலை செய்பவர்களுக்கு மட்டும் புரிகிற சிக்கல். இன்றைக்கும் இங்கே பக்கம் கட்டுகிற நிறைய பேர் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை விடவில்லை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். உயர் ரெசல்யூஷன் திரையில் விண்டோஸின் ஸ்கேலிங்கை (எழுத்தையும் மெனுவையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை) 150 சதவீதம் வைத்தால் இந்த மாதிரிப் பழைய மென்பொருள் ஒன்று மங்கலாகத் தெரியும், இல்லையென்றால் மெனு எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். 200 சதவீதம் என்றால் ஒரு பிக்சல் சரியாக நாலாகும் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. அப்படிப்பட்ட ஃபைல்கள் உங்களுக்கும் வருமென்றால் 1920×1200-லேயே நின்றுவிடுங்கள்.

சரி, பளபளப்பா மேட்டா (பளபளப்பில்லாத பூச்சுப் போட்ட திரையா) என்ற விஷயத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் ரெசல்யூஷனை விட இதுதான் முக்கியம், அதுவும் இந்த ஊரில். முன்பு ஒருமுறை அவசரத்தில் ஆன்லைனில் பளபளப்புத் திரை லேப்டாப் ஒன்றை வாங்கிவிட்டேன். நான் உட்காரும் இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை எட்டு மணிக்கெல்லாம் ஜன்னல் கம்பி, கொடியில் காய்கிற துணி, தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் எல்லாம் எழுத்துக்கு மேலே வந்து உட்கார்ந்துவிடும். வெயிலுக்கு ஜன்னலை மூடினால் புழுக்கம் தாங்காது, கரண்ட் போனால் அதைவிட மோசம். ஒரு வருஷம் கழுத்தை வளைத்து வளைத்தே வேலை பார்த்தேன்.

காரணம் எளிய கணக்குதான். பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடி தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பகல் வானத்தின் பிரகாசம் சில ஆயிரம் நிட்ஸ் (நிட்ஸ் என்பது பிரகாசத்தின் அளவு), 5000 என்று வைத்தால் அதில் 4 சதவீதம் 200 நிட்ஸ். சாதாரண லேப்டாப் திரையே 250, 300 நிட்ஸ்தான். அதாவது நீங்கள் படிக்கிற பக்கமும் ஜன்னலும் கிட்டத்தட்ட ஒரே வலுவோடு கண்ணுக்குள் வருகின்றன. மேட் திரை அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுவதில்லை, சிதறடிக்கிறது. கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், ஆனால் ஜன்னலுக்கு உருவம் இருக்காது, கண்ணும் எழுத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே அல்லாடாது. நேர் வெயில் விழுந்தால் இரண்டுமே தோற்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தங்கைக்கு மேட் பிடிக்காது. அவள் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். என் திரையைப் பார்த்ததும் "என்னண்ணா, சாம்பல் பூசின மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரிதான். வெள்ளைப் பக்கத்தில் மேட் பூச்சின் பொடிப்பொடியான மினுமினுப்பு தெரியும், பட்டுச் சேலையின் அரக்கு நிறத்தில் அந்த ஆழம் வராது. அவள் வேலை பார்ப்பது ராத்திரியில், திரைச்சீலை போட்ட அறையில். 2880×1800 ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) பளபளப்புத் திரை அவளுக்குக் கச்சிதம். எனக்கு அது ஒத்துவராது, நாள் முழுக்க வெள்ளைப் பக்கமே திறந்திருந்தால் ஓஎல்இடி பேட்டரியைக் குடிக்கும்.

ஆனால் "பளபளப்பில்தான் கலர் நன்றாக இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. விலை குறைந்த மேட் திரைகளில் பெரும்பாலும் 45 சதவீத என்டிஎஸ்சி பேனல் (குறைவான நிறங்களையே காட்டும் பேனல்) இருக்கும், நிறம் வெளிறித் தெரிவதற்கு முக்கியக் காரணம் அதுதான். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைக்கான பொதுவான நிற வரம்பு முழுவதும்) என்று போட்ட மேட் திரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

விரல் பிசுக்கு பளபளப்பில் பளிச்சென்று தெரியும், மேட்டில் தெரியாது, ஆனால் ஒட்டிவிட்டால் போக்குவது கஷ்டம். இரண்டுக்கும் ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். மேலே ஒட்டுகிற மேட் ஃபிலிம் வாங்கிப் பார்த்தேன், எழுத்து மங்கியதுதான் மிச்சம்.

கடைக்குப் போகும்போது சில பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'ஆன்டி க்ளேர்' என்றால் மேட். எச்பியின் 'ப்ரைட்வியூ', டெல்லின் 'ட்ரூலைஃப்' இரண்டும் பளபளப்பு. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் டெமோ பீஸைக் காட்டுவார்கள். கடைக்குள்ளே இருக்கிற வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், வாசல் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள்: தெருவும் உங்கள் முகமும் தெளிவாகத் தெரிந்தால் பளபளப்பு, வெறும் வெளிச்சக் கறையாகத் தெரிந்தால் மேட். பிறகு திரையைப் போட்டு, கூடவே எடுத்துப்போன பென் டிரைவிலிருந்து 10 பாயின்ட் அளவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, புள்ளிகளும் சுழிகளும் சிரமமில்லாமல் தெரிகின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

நான் கடைசியில் வாங்கியது 14 அங்குலம், 1920×1200, மேட், 400 நிட்ஸ் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி வகை). பணம் கூட இருந்திருந்தாலும் ரெசல்யூஷனைக் கூட்டியிருக்க மாட்டேன், இன்னும் 100 நிட்ஸ் கேட்டிருப்பேன். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரை வருவது சகஜம், அதனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் அதன்மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் ரெசல்யூஷனும் நிட்ஸும் 'ஆன்டி க்ளேர்' என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று பாருங்கள், அதில் இல்லையென்றால் முழு மாடல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.