கிரான் டூரிஸ்மோ 4-ஆ, 7-ஆ: நெடுநாள் நிலைக்கும் ஆட்டம் எது?

சோனிக்குள் மோட்டார் டூன் கிராண்ட் பிரீ என்ற ஆட்டத்தை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சியின் குழு, 1997 டிசம்பரில் ஜப்பானில் கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய வீடியோ ஆட்டத்தை வெளியிட்டு, அடுத்த ஆண்டே பாலிபோனி டிஜிட்டல் என்ற தனி நிறுவனமானது. அது இதுவரை செய்தவற்றுள், 2004 இறுதியில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 ஆட்டக் கருவிக்கு வந்த நான்காம் பாகத்தையும் 2022 மார்ச்சில் வந்த ஏழாம் பாகத்தையும் ஆடிப் பார்த்த பிறகு, நெடுநாள் வைத்து ஆட நான்காம் பாகத்தையே நான் தேர்ந்துகொண்டேன்.

காட்சியழகில் ஏழாம் பாகம் முந்துகிறது என்பதில் விவாதமே இல்லை. மாறும் வானிலை, ஒரே பந்தயத்தில் 20 கார்கள், டயர் பிடிமானத்தைக் கையில் உணர்த்தும் கட்டுப்படுத்தி ஆகியவை அதன் பலங்கள். நான்காம் பாகத்திலோ 6 கார்கள்தாம். மோதினாலும் அவை நசுங்குவதில்லை. எனினும் 700-க்கும் மேற்பட்ட கார்களும், ஜெர்மனியில் உள்ள, ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று என்ற பந்தயப் பாதையும் அந்த ஒரே டிவிடியில் அடங்கியிருக்கின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது ஆயுள். நான்காம் பாகத்திலும் இணையவழிப் பந்தயம் இடம்பெறுவதாகத்தான் இருந்தது. வெளியீடு தள்ளிப்போனபோது அது கைவிடப்பட்டது. அன்று பலருக்கு ஏமாற்றமளித்த அந்த முடிவின் பயனாகவே, அந்த ஆட்டம் இன்று எந்த சர்வரையும் எதிர்பாராமல், மெமரி கார்டில் சேமித்த முன்னேற்றத்தோடு அப்படியே ஓடுகிறது. ஏழாம் பாகத்தில், சேமிப்புத் தரவை யாரும் திருத்திவிடாதபடி காப்பதற்கென்று, தனியாக ஆடும் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கும் இணைய இணைப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வெளியான அதே மாதத்தில் ஒரு புதுப்பிப்பில் கோளாறு நேர்ந்து சர்வர்கள் 30 மணி நேரத்துக்கும் மேலாக முடங்கியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்கள் தாம் சேர்த்த கார்களைக்கூடத் தொட முடியவில்லை. அது தற்காலிகத் தடங்கல்தான் என்றாலும், ஐந்தாம் பாகத்தின் இணையச் சேவை 2014-லும், ஆறாம் பாகத்தினுடையது 2018-லும், அதற்குப் பின் எண்ணின்றி வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டினுடையது 2024 ஜனவரியிலும் நிறுத்தப்பட்டதை வரிசையாகப் பார்க்கும்போது, ஏழாம் பாகத்தின் சர்வர்களும் ஒருநாள் நிற்கும் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இணையமின்றி ஆடும் வழியை பாலிபோனி திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். இத்தனை உழைப்பு வீணாகக் கூடாது.

பழைய கருவிக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. லேசர் லென்ஸ் தேயும், டிவிடி கீறும், புதிய தொலைக்காட்சிகளில் தெளிவான படம் பெறத் தனிக் கேபிளோ மாற்றியோ தேவைப்படும். ஆனால் இவையெல்லாம் வாங்கியவரே சரிசெய்துகொள்ளக்கூடியவை. ஸ்டீயரிங் சக்கரம் வைத்து இரண்டையும் நான் அதிகம் ஓட்டியதில்லை. ஏழாம் பாகத்தின் இணையவழிப் போட்டிகளிலும் என் பழக்கம் குறைவு. பிறரோடு வாரந்தோறும் போட்டியிடுவதே நோக்கம் என்றால் ஏழாம் பாகத்தைத்தான் வாங்க வேண்டும். நான்காம் பாகத்தால் அதைத் தர இயலாது.