பாட்காஸ்ட் விருந்தினராகப் பேசப் போகிறீர்களா? மைக், அறை, குறிப்புத்தாள்: எதற்கு எது பரவாயில்லை

பாட்காஸ்டில் பேச அழைப்பு வந்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மைக் வாங்கலாம்?" கேட்க வேண்டியதுதான், ஆனால் மூன்றாவதாக. வீட்டிலிருந்து பேசும் ஒருவரின் குரல் எப்படிக் கேட்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம். அடுத்தது அறை. மைக்கின் விலை அதற்கு அப்புறம்தான். பேச்சு எப்படி இருக்கும் என்பதோ கையில் வைத்திருக்கும் தாளைப் பொறுத்தது.

இங்கே ஒப்பிடுவது, வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்து தமிழில் ஒரு மணி நேரம் உரையாடப் போகிறவருக்கான தேர்வுகளை. ஸ்டுடியோவுக்கு நேரில் வரச் சொன்னால் ஒலி அவர்கள் கவலை. நீங்கள் நேராகக் குறிப்புத்தாள் பகுதிக்குப் போய்விடலாம்.

மைக்: பக்கத்தில் இருப்பதே நல்லது

தூரம் இரட்டிப்பானால் மைக்குக்கு நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருந்த மைக்கை 40 செ.மீ. தள்ளி வைத்தால் குரல் 12 டெசிபல் இறங்கிவிடும். அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் மட்டும் அப்படியே இருக்கும். "எடிட்டர் வால்யூமை ஏற்றிக்கொள்வார்" என்று விட முடியாது. வழக்கமான மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (பதிவு சராசரியாக எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அலகு) அளவுக்கு அவர் உங்கள் குரலை ஏற்றும்போது ஃபேனும் கூடவே ஏறி வரும்.

இதை வைத்துப் பார்த்தால் லேப்டாப்பின் உள் மைக் கடைசி இடத்துக்குப் போகிறது. அது முகத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கீபோர்டும் லேப்டாப்பின் சொந்த விசிறியும் அதற்கு உங்களைவிடப் பக்கம்.

அதற்கு ஒரு படி மேலே புளூடூத் இயர்பட். பாட்டு கேட்கும்போது அருமையாக இருப்பது, மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் அழைப்பு முறைக்கு மாறிவிடும். பெரும்பாலான கருவிகளில் அப்போது குரல் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வீதத்தில்தான் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) பதிவாகும். அந்த வீதத்தில் பாதிவரை உள்ள ஒலிதான் தங்கும், அதாவது 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி போயே போச்சு. ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. கேட்பவருக்கு நீங்கள் போனில் பேசுவது போலத் தோன்றும். நடுவில் சார்ஜ் தீர்ந்துபோகும் பயம் வேறு.

போனோடு வந்த வயர் இயர்போன் இந்த இரண்டையும் எளிதாக வெல்லும். ஒன்றே ஒன்று: வயரில் தொங்கும் மைக் சட்டைக் காலரிலோ தாடியிலோ உரசினால் கரகரவென்று பதிவாகும், அதை நீக்க எடிட்டரிடமும் வழியில்லை. ஒரு துணி கிளிப்பால் வயரைச் சட்டையில் பிடித்து, மைக் மட்டும் வெளியே நிற்கும்படி செய்தால் போதும். கையில் பிடித்து வாயருகே கொண்டுபோகாதீர்கள். 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி வெடிக்கும்.

ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் பரவலாகக் கிடைக்கும் காலர் மைக் என்றால் போயா பிஒய்-எம்1. 6 மீட்டர் வயர், எல்ஆர்44 பட்டன் பேட்டரி, போனுக்கும் கேமராவுக்கும் மாற்றும் ஒரு சுவிட்ச். சொதப்பல் பெரும்பாலும் அந்தச் சுவிட்சில்தான். கேமரா பக்கம் தள்ளி வைத்துப் பேட்டரி போடாமல் விட்டால் எதுவும் பதிவாகாது. ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை உள்ள லேப்டாப்பில் போன் பக்கம் வைக்க வேண்டும். செருகிய பிறகும் கணினி சொந்த மைக்கையே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். காலர் மைக்கின் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். திரையில் ஒலி அளவுக் கோடு துள்ளினால் சரி, துள்ளாவிட்டால் செட்டிங்ஸில் மைக்கை மாற்றுங்கள். மாட்ட வேண்டிய இடம் தாடைக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. பட்டுப் புடவையும் கஞ்சி போட்ட சட்டையும் இதற்கு எதிரி, அசையும்போதெல்லாம் சரசரக்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் மோதாமல் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு குறை: இது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை எடுக்கும். அறை நன்றாக இருந்தால்தான் இது நன்றாக இருக்கும்.

தொடர்ந்து பல நிகழ்ச்சிகளில் பேசப் போகிறவர் பணம் போட வேண்டியது யுஎஸ்பி டைனமிக் மைக்கில். சாம்சன் க்யூ2யு, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் இந்த வகை. இரண்டிலும் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோக் கருவிகளில் செருகும் வகை) இரு இணைப்புகளும் உண்டு. ஹெட்ஃபோனை மைக்கிலேயே செருகி உங்கள் குரலைத் தாமதமில்லாமல் கேட்கலாம். நேர் முன்னால் வருவதை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதைப் பெருமளவு ஒதுக்கிவிடும். ஆனால் மைக் வாயிலிருந்து நான்கு விரல் அகலத்தில் இருக்க வேண்டும், சற்றுச் சாய்வாக, மூச்சு அதன் மேல் நேராகப் படாதபடி. "டைனமிக் வாங்கினேன், சத்தமே வரவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் அதை மேசை மேல் ஓரமாக நிறுத்தி வைத்திருப்பார்கள்.

ப்ளூ யெட்டி போன்ற கண்டென்சர் மைக் பார்க்கக் கம்பீரம். ஒலியின் நுணுக்கமும் கூடுதல்தான். ஆனால் அந்த நுணுக்கம் பக்கத்து வீட்டு மிக்ஸிக்கும் சேர்த்துத்தான். யெட்டியில் நான்கு திசை முறைகள் உள்ளன. விருந்தினருக்கு வேண்டியது கார்டியாய்டு மட்டும், அதாவது முன்னால் வருவதை எடுத்துப் பின்னால் வருவதை ஒதுக்கும் முறை. பேச வேண்டியது அதன் உச்சியில் அல்ல, பெயர் பொறித்த பக்கவாட்டில். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். டைல்ஸ் போட்ட நம் வீடுகளுக்காகப் புதிதாக வாங்கப் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்த மைக்காக இருந்தாலும் அளவு பார்க்கும்போது மெல்லிய குரலில் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பயனில்லை. வாய்விட்டு ஒருமுறை சிரித்துப் பாருங்கள். ஒலி அளவுக் கோட்டின் உச்சி பூஜ்யம்; அந்தச் சிரிப்பு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத அளவுக்கு மைக் அளவைக் குறையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியைச் சரிசெய்வது பெரும்பாடு. மைக் அளவைத் தானாக மாற்றும் வசதி செயலியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். கேட்பதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டால் எக்கோவை வெட்டும் மென்பொருள், இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது உங்கள் குரலையும் சேர்த்து வெட்டும்.

அறை: ஹாலா, படுக்கையறையா?

படுக்கையறை. இதில் விவாதமே இல்லை. மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த திறந்த அலமாரி எல்லாம் எதிரொலியை விழுங்கும். ஹாலில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவர்களும் சேர்ந்து ஒலியைப் பந்தாடும். கைதட்டிப் பாருங்கள், தட்டியபின் 'டிங்' என்று ஒரு வால் நீண்டால் அந்த இடம் வேண்டாம்.

பலர் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. ஜமக்காளத்தை மைக்குக்குப் பின்னால், தமக்கு எதிரே தொங்கவிடுவார்கள். கார்டியாய்டு மைக் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கிறது, அதன் கண்ணில் படுவது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர். ஒரே ஒரு போர்வைதான் இருக்கிறது என்றால் அதை முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள்.

ஃபேன், ஏசி இரண்டையும் ஒப்பிட்டால், ஏசி கொஞ்சம் பரவாயில்லை. அதன் இரைச்சல் ஒரே சீராக இருப்பதால் எடிட்டரால் ஓரளவு நீக்க முடியும். சீலிங் ஃபேனோ காற்றை நேராக மைக்கின் மேல் தள்ளுகிறது. குறைந்த வேகத்தில் வைத்தால் சில ரெகுலேட்டர்களில் ஒரு முனகலும் சேரும். முதல் தேர்வு, அரை மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்துவிட்டு இரண்டையும் நிறுத்துவது. நேரம் குறிக்கும்போதே குக்கர் விசில், பள்ளி வேன், கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு: அழைப்பை நம்புவதா, நம் பக்கமும் பதிவதா?

ஸூம் அழைப்பை மட்டும் பதிவு செய்தால் இணையம் தடுமாறிய நொடிகளில் வந்த ரோபோ குரல் நிரந்தரமாகத் தங்கிவிடும். ரிவர்சைடு, ஸென்காஸ்டர், ஸ்குவாட்காஸ்ட் போன்ற தளங்கள் ஒவ்வொருவர் குரலையும் அவரவர் கணினியிலேயே பதிந்து பிறகு மேலேற்றுகின்றன. தரத்தில் இவைதான் மேல். இவற்றில் விருந்தினர் செய்யும் ஒரே பெரிய தவறு, "நன்றி, வணக்கம்" சொன்ன கையோடு பிரவுசரை மூடிவிடுவது. மேலேற்றம் 100 சதவீதம் ஆகும்வரை அந்த டேப் திறந்தே இருக்க வேண்டும். பிரைவேட் விண்டோவில் இணைய வேண்டாம், வன்தட்டில் சில ஜிபி காலியாக இருக்கட்டும்.

நிகழ்ச்சி ஸூமில்தான் என்றால், போனின் குரல் பதிவுச் செயலியை ஓடவிட்டு, மடித்த துண்டின் மேல் முகத்துக்கு அருகே வையுங்கள். ஏர்ப்ளேன் மோடு அவசியம். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். தொடக்கத்தில் இருவரும் கேட்க ஒரு கைதட்டல் போதும், எடிட்டர் இரண்டு பதிவுகளையும் அதை வைத்துப் பொருத்திக்கொள்வார். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒரே தடம்) வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

வைஃபையா, கேபிளா என்றால் கேபிள். மின்வெட்டு வந்தால் லேப்டாப் தாங்கும், ரவுட்டர்தான் அணைந்து மறுபடி எழும். ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் ஒன்று வாங்கலாம், அடாப்டரின் வோல்ட் அளவைப் பார்த்து. இல்லாவிட்டால் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே ஒருமுறை இணைத்துச் சோதித்து வைப்பது போதுமான மாற்று.

குறிப்புத்தாள்: முழுக்க எழுதுவதா, புள்ளிகளா, வெறுங்கையா?

தமிழில் பேசுகிறவருக்கு முழுக்க எழுதிக்கொள்வது ஒரு பொறி. எழுத உட்கார்ந்தால் கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடும். "இது மிகவும் இன்றியமையாததாகும்" என்று தாளில் இருப்பதைப் படித்தால், எதிரே நெறியாளர் "ஆமாங்க, சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருக்கையில் நீங்கள் மட்டும் செய்தி வாசிப்பீர்கள். பேச்சுத் தமிழிலேயே எழுதி வைத்தாலும் வேகம் ஒரே சீராகிவிடும், படிப்பது காதுக்குத் தெரிந்துவிடும். கேள்வி வேறு விதமாக வந்தால் பக்கத்தைத் தேட வேண்டும், தாள் புரளும் சத்தமும் பதிவாகும்.

வெறுங்கையோடு போவது துறையில் ஊறியவர்களுக்கு நடக்கும் என்று சொல்வார்கள். அவர்களுக்கும் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, எண்கள்: ஆண்டு, விலை, அளவு எல்லாம் "ஒரு... கிட்டத்தட்ட..." என்று இழுபடும். இரண்டு, முதல் பதில். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் பிறந்த ஊரில் தொடங்கி ஏழு நிமிடம் ஓடும். கேட்பவர் தள்ளிவிடுவது அந்த ஏழு நிமிடத்தில்தான்.

நடுவழிதான் சரி: ஒரே ஒரு ஏ5 அட்டை, ஒரு பக்கம் மட்டும், வாக்கியமே இல்லாமல். சொல்ல வந்த மூன்று விஷயம்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண், ஒரு சம்பவத்தின் பெயர். திரைக்கு மேலே, கேமராவுக்கு அருகில் ஒட்டிவிடுங்கள், கையில் பிடிக்க வேண்டாம்.

மாடித்தோட்டம் பற்றிப் பேசப் போகிறவரின் அட்டையில் முதல் வரி இப்படி இருக்கலாம்: "வெயில் – 6 மணி – கீரை". "எப்படித் தொடங்கறது?" என்ற கேள்விக்கு அதிலிருந்து வரும் பதில்: "முதல்ல பை வாங்காதீங்க. மாடியில எந்த இடத்துல எத்தனை மணி நேரம் வெயில் விழுதுன்னு ஒரு நாள் பாருங்க. ஆறு மணி நேரத்துக்குக் குறைஞ்சா தக்காளி வேண்டாம், கீரை போடுங்க." முடிவு முதலில், காரணம் அடுத்து, உதாரணம் ஒன்று, நிறுத்தம். ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை போதும். நிறுத்தியபின் வரும் மௌனத்தை நிரப்புவது நெறியாளர் வேலை. "அதாவது என்ன சொல்ல வர்றேன்னா..." என்று மறுபடி தொடங்காதீர்கள்.

வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் பழகுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்யலாமா செய்யக்கூடாதா என்பதே அங்கேதான் தெரியும். குரல் அடங்கும் அந்த இடத்தைத்தான் இரைச்சல் நீக்கும் மென்பொருளும் சேர்த்து நறுக்கும். தடுமாறினால் மன்னிப்பு கேட்க வேண்டாம். மூன்று நொடி நிறுத்தி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லுங்கள். பாதியிலிருந்து சொன்னால் வெட்டி ஒட்ட இடம் கிடைக்காது. நேரலை என்றால் இந்த வசதி இல்லை.

முழுக்க எழுத வேண்டியது ஒன்று உண்டு: நெறியாளருக்கு அனுப்பும் அறிமுகம். மூன்று வரி, பேச்சு நடையில், பெயரை எப்படி உச்சரிப்பது என்பதோடு.

முன்கூட்டியே கேள்விகளை வாங்குவதா?

முழுப் பட்டியலை வாங்கினால் மனப்பாடம் செய்யத் தோன்றும். வாங்காமலே போனால் பதற்றம். முதல் கேள்வி எது, கேட்பவர்கள் யார், எடிட் செய்வார்களா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பேச விரும்பாதவை (நடக்கும் வழக்கு, அலுவலக விவகாரம்) இருந்தால் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பழைய நிகழ்ச்சிகளில் பலவற்றைத் துண்டு துண்டாகக் கேட்பதைவிட, சமீபத்தில் வந்த ஒன்றை முழுதாகக் கேட்பது மேல். கடைசி ஐந்து நிமிடத்தில் வரும் "ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க" பகுதி அப்போதுதான் தெரியவரும்.

பேசும் நாளில் தயிர்சாதத்தைப் பதிவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாலும் தயிரும் வாயைப் பிசுபிசுப்பாக்கும், மைக் அதைக் காட்டிக்கொடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், உலோக டம்ளரில் அல்லாமல். வளையல், ஜிமிக்கி இரண்டையும் கழற்றி வையுங்கள்.

முடிந்தபின், வெளியிடும் முன் முழுப் பதிவையும் கேட்டு ஒப்புதல் தருகிறேன் என்பதைவிட, அன்றைக்கே எழுதி அனுப்பும் திருத்தம் எடுபடும்: "34-ஆவது நிமிடத்தில் 2018 என்று சொன்னேன், 2019 என்று இருக்க வேண்டும், அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்." எடிட்டர் இன்னும் வேலையைத் தொடங்கியிருக்க மாட்டார் என்பதால் அது அவருக்கு ஒரே ஒரு வெட்டுதான்.