யூஹன்னுஸ் விருந்து: சால்மனா, சாசேஜா, புது உருளைக்கிழங்கா?

பின்லாந்தில் ஜூன் 20க்கும் 26க்கும் இடையே வரும் சனிக்கிழமைதான் யூஹன்னுஸ், கோடை உச்சத்தின் திருநாள். 1955இல்தான் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதற்கு முன் ஜூன் 24 என்பது நிலையான தேதி. கொண்டாட்டம் வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும். நகரம் காலியாகி, ஏரிக்கரையில் இருக்கும் மொக்கி என்ற மரவீடுகளில் சொந்தமும் நட்பும் கூடும். சவுனா என்ற நீராவிக் குளியல், நீச்சல், கரையில் கொக்கோ எனப்படும் பெருந்தீ, இருட்டாத இரவு. இவ்வளவுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து பேருக்கு என்ன சமைப்பது?

படம் எடுக்க அழகாக இருப்பது லொயிமுலொஹி. சால்மன் மீனின் ஒரு பக்கத்தை முழுசாக எடுத்து, தோல் பலகையில் படும்படி வைத்து, மரக்குச்சிகளை ஆணியாக அடித்து, தீக்கு அருகே சாய்த்து நிறுத்துவார்கள். மீன் தீயின் மேலே போவதே இல்லை. பக்கத்திலிருந்து வீசும் அனலில்தான் வேகிறது. பிர்ச் விறகு நல்லது. பைன் போட்டால் பிசின் எரிந்து கரி மீனில் படியும். கல்லுப்பு தூவிச் சிறிது நேரம் ஊறவைத்த மீன், வேக ஒரு மணி நேரமாவது எடுக்கும்; காற்று திசை மாறினால் இன்னும் கூடும். சால்மனில் கொழுப்பு அதிகம், அதனால் இவ்வளவு நேரம் அனலில் நின்றாலும் வறண்டுவிடாது. ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று, லேசான புகைமணத்தோடு வரும். ருசியில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் ஒருவர் தீயோடு கட்டிப்போடப்பட வேண்டும். மற்றவர்கள் ஏரியில் குதித்துக்கொண்டிருக்க, அவர் விறகைத் தள்ளிக்கொண்டிருப்பார். செலவும் இதற்குத்தான் அதிகம். அதோடு, மீன்கடையில் கிடைப்பது பெரும்பாலும் நார்வே பண்ணை சால்மன். உள்நாட்டு மீன்தான் வேண்டும் என்றால் ரெயின்போ ட்ரவுட் வாங்கலாம், அதுவும் பலகையில் நன்றாகவே வரும். இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜூன் காய்ந்துபோய், வானிலை ஆய்வு நிறுவனம் காட்டுத்தீ எச்சரிக்கை விடுத்துவிட்டால், வெளியில் திறந்த தீ மூட்டுவதற்குச் சட்டப்படியே தடை. கொக்கோ கூடக் கிடையாது. ஓவனில் வைத்த சால்மன் நல்ல சாப்பாடுதான், ஆனால் அது லொயிமுலொஹி ஆகாது.

மக்கரா, அதாவது சாசேஜ், இதற்கு நேர் எதிர். குச்சியில் குத்து, சுடு, கடுகு சாஸைத் தடவு, சாப்பிடு, அவ்வளவுதான். தீத்தடை இருந்தாலும் எரிவாயு கிரில் போதும். சிலர் காகிதத்தாளில் சுற்றுவதுபோல அலுமினியத் தாளில் சுற்றி சவுனா அடுப்புக் கற்களின் மேலேயே சூடாக்கிக்கொள்வார்கள். மக்கராதான் பின்லாந்து ஆண்களுக்குக் காய்கறி என்று அவர்களே கிண்டலடிப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், இதை விருந்துச் சாப்பாட்டோடு ஒப்பிடுவதே தப்பு. இதன் நேரம் வேறு. சவுனாவில் வியர்த்து, குளிர்ந்த நீரில் முங்கி எழுந்து, இரவு பதினொரு மணிக்குப் பசிக்கும்போது பலகை சால்மன் கேட்கத் தோன்றாது; மக்கராதான் வேண்டும். மேசைக்கு நடுவில் வைக்கிற உணவு இல்லை, அவ்வளவுதான்.

நான் மேசைக்கு நடுவில் வைப்பது புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும். பலர் இதைத் தொடுகறி என்று நினைத்து ஓரத்தில் தள்ளிவிடுகிறார்கள். தென்மேற்குக் கரையில் இருக்கும் ரிமாட்டுலா போன்ற பகுதிகளின் முதல் கிழங்கு யூஹன்னுஸுக்குச் சந்தைக்கு வந்துவிடும். சந்தைத் திடலில் இதை லிட்டர் கணக்கில் அளந்து விற்பார்கள். தோல் அவ்வளவு மெல்லிசு, உரிக்க வேண்டாம், மண் போகத் தேய்த்துக் கழுவினால் போதும். உப்பும் டில் தழையும் போட்டு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே வெண்ணெய். ஹெர்ரிங்கை இரண்டு மூன்று நாள் முன்பே தயார் செய்துவிடலாம். உப்புமீனைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கி, வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ் சேர்த்துக் கண்ணாடிக் குப்பியில் அடுக்கி, ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீர் என்று கலந்து காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்ற வேண்டும். இனிப்பான மீன் முதல் வாயில் நம் நாக்குக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். வெண்ணெய் உருகிய கிழங்கோடு சேர்த்துச் சாப்பிடும்போது கணக்கு சரியாகிவிடும். தீ வேண்டாம், காவல் வேண்டாம், மழை பெய்தாலும் கவலையில்லை (யூஹன்னுஸில் மழை என்பது அங்கே புதிதும் இல்லை). சைவக்காரர் வந்திருந்தால் கிழங்கும் வெண்ணெயும் அப்படியே அவருக்கும் ஆகும்.

கிழக்குப் பின்லாந்தின் சாவோ பக்கம் போனால் ஏரி மீன் முயிக்குவை ரை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள். சுட்ட சூட்டில் தின்றால் அமிர்தம். ஆனால் பதினைந்து பேருக்குப் பொரித்துக்கொண்டிருந்தால் சமைப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. நான்கு பேர் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

பாரம்பரியம் என்பதைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் இவை எல்லாவற்றையும் முந்துவது பாலாடைக்கட்டிதான். மாடுகள் புல்வெளிக்குப் போய்ப் பால் பெருகுகிற பருவம் இது. மேற்குப் பின்லாந்தில் கொதிக்கும் பாலில், முட்டை அடித்துக் கலந்த புளித்த பாலை ஊற்றித் திரித்து, வடிகட்டி அச்சில் அழுத்தி எடுப்பார்கள். முட்டை சேர்ந்த பன்னீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூஹன்னுஸ் பெயரிலேயே ஒரு கட்டி உண்டு. இன்றைய கூட்டங்களில் இதைக் காண்பது குறைந்துவிட்டது. செய்வது எளிது, பக்க உணவாக வைத்தால் காலியாகிவிடும்.

இனிப்புக்கு ஸ்ட்ராபெரி கேக் என்று எல்லாரும் சொல்வார்கள். குளிரான வருடத்தில் திறந்தவெளிப் பழம் யூஹன்னுஸுக்குள் பழுக்காது. சுவோனென்யோக்கி போன்ற பெரிய ஸ்ட்ராபெரி ஊர்களில் அறுவடை சூடுபிடிப்பது ஜூலையில்தான். குழந்தைகள் இருந்தால் பெரிய இரும்புத் தட்டில் லெட்டு என்ற மெல்லிய பான்கேக் சுடுங்கள். மாவு மெல்லிசாகப் பரவி ஓரம் வலைபோல் முறுகும். ஜாமோடு கையிலேயே சாப்பிடலாம். தட்டுக்கு எரிவாயு பர்னர் இருந்தால் தீத்தடையும் இடிக்காது. அதுவும் இல்லையென்றால், மொக்கித் தோட்டத்து மூலையில் புளிப்புத் தண்டுள்ள ருபார்ப் செடி பெரும்பாலும் நிற்கும். நான்கு தண்டு ஒடித்து வந்து ஓவனில் சுடும் இனிப்புப் பை (pie) செய்துவிடலாம்.