லண்டன் – பாரிஸ்: விமானமா, ரயிலா?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 345 கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டாலும், விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணி சொச்சம். மிச்சமெல்லாம் ஓடுபாதையில் ஊர்வது. யூரோஸ்டார் ரயிலுக்கோ 2 மணி 20 நிமிடம். இதை மட்டும் பார்த்துத்தான் முதல் தடவை, பாரிஸில் இருக்கும் சித்தியின் மகள் கல்யாணத்துக்கு, ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பறந்தேன். அதற்குப் பிறகு மூன்று முறை போயாயிற்று, மூன்றும் ரயில்தான்.

(பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். காலை 10 மணிக்குக் கிளம்பும் ரயில் 1.20க்குச் சேரும் என்றிருந்தால் பயந்துவிடாதீர்கள். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கைக்கு வந்துவிடும்.)

கட்டணம் எல்லோருக்கும் தெரிந்த கதை: முன்கூட்டியே எடுத்தால் இரண்டும் மலிவு, கடைசி வாரத்தில் ரயில் விலை கண்ணைக் கட்டும்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு கணக்கு: வீட்டுக் கதவிலிருந்து சித்தி வீட்டுக் கதவு வரை எவ்வளவு நேரம்? நான் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம். அங்கிருந்து ஹீத்ரோ போகவே ஒன்றேகால் மணி. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். விமானத்துக்குள் ஒன்றேகால். ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கிக் கடவுச்சீட்டு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, அப்புறம் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் பிடித்து நகருக்குள் 25 கிலோமீட்டர். மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ரயிலில் போனால்? ஈஸ்ட் ஹாமிலிருந்து கிங்ஸ் கிராஸுக்கு ஒரே பாதாள ரயில், அரை மணி சொச்சம். பக்கத்திலேயே யூரோஸ்டார் கிளம்பும் செயின்ட் பாங்கிராஸ் நிலையம். ஒன்றேகால் மணி முன்னால் போனேன். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டனிலேயே கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் நேரே வாசல்தான். அந்த வாசலும் எங்கே? பாரிஸ் நகருக்குள்ளேயே, கார் து நோர் ரயில் நிலையம். அங்கிருந்து தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதி பத்து நிமிட நடை. பெட்டியை உருட்டிக்கொண்டே அந்தக் கடைகளைத் தாண்டிச் சித்தி வீட்டுக்குப் போய்விடலாம். எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் ஆகவில்லை.

பெட்டி விஷயத்திலும் ரயில் பக்கம்தான் நான். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. திரவங்களுக்கு 100 மில்லி வரம்பெல்லாம் கிடையாது. எலுமிச்சை ஊறுகாய் போத்தல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டியை நாமேதான் தூக்கி வைக்க வேண்டும், முதுகுவலிக்காரர்கள் யோசியுங்கள்.

ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் ரயில் போகும் சுரங்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 50 கிலோமீட்டர், அதில் 38 கடலுக்கு அடியில். மீன் தெரியும் என்று நம்பி என் மகன் ஜன்னலோரம் பிடித்தான். இருபது நிமிடம் கும்மிருட்டு.

ஹவுன்ஸ்லோ பக்கம் இருப்பவர்களுக்கு ஹீத்ரோ கொல்லைப்புறம், அவர்கள் கணக்கு மாறும். பாரிஸிலிருந்து அடுத்த விமானம் பிடிப்பவர்களும் பறப்பதே மேல். இன்னொன்று: நான் போன மூன்று தடவையும் ரயில் நேரத்துக்கு ஓடியது, மூன்றும் கோடைக்காலம். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை. இந்த டிசம்பரில் சித்தி கூப்பிட்டிருக்கிறார். டிக்கெட் ரயிலில்தான் எடுத்திருக்கிறேன்.