மூச்சு முட்டும் கேபினட்டோடு மூன்று கோடை

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணா, நீ வச்சிருக்கியே அந்தக் கண்ணாடி போட்ட கம்ப்யூட்டர் கேபினட், அது இப்ப 2,900க்கு இறங்கிருச்சு. போட்டுரவா?"

நான் 2022 ஆகஸ்டில் அதே கேபினட்டை 4,300 ரூபாய் கொடுத்து வாங்கியவன். அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். வேண்டாம்டா என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. சரி வாங்கு என்றும் சொல்ல முடியவில்லை. "இரு, எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். எழுதுவதுதான் எழுதுகிறோம், நாலு பேர் படிக்கட்டுமே என்று இங்கே போடுகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் எந்தக் கடை வாசலில் நின்று பார்த்தாலும் இதே முகம் வேறு வேறு பெயரில் அடுக்கியிருக்கும். முன்னால் முழுக் கண்ணாடி, அதற்குப் பின்னால் வானவில் அடிக்கிற மூன்று 120 எம்எம் ஃபேன், பக்கவாட்டில் இன்னொரு கண்ணாடி. என்னுடையதில் உள்ளே இருப்பது ரைசன் 5 5600 பிராசஸர் (சிபியு), ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்க 550 வாட் எஸ்எம்பிஎஸ். பட்ஜெட் கேமிங் என்று கேட்டால் அந்த வருடம் பாதிப் பேர் போட்ட கூட்டணி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறினால் மறந்துபோகும். தகடு நல்ல கனம். இதற்கு முன்னால் இருந்த கேபினட்டில் ஒவ்வொரு முறை ரேம் கழற்றும்போதும் விரலில் ஒரு கீறல் நிச்சயம், பிளாஸ்திரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். இதில் ஓரமெல்லாம் மடித்து விட்டிருக்கிறார்கள். மதர்போர்டுக்குப் பின்னால் ஒயர் ஒளித்துவைக்க இரண்டு விரல் இடம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் அடியில் உள்ள தூசி ஃபில்டர் டிராயர் மாதிரி உருவி வரும். பவர் பட்டன் இன்றைக்கும் முதல் நாள் போலவே 'டிக்' என்கிறது. இந்த விலையில் இவ்வளவு ஒழுங்கான உடம்பு கிடைப்பது அபூர்வம். அதனால்தான் ஆத்திரமே. உடம்பை இவ்வளவு அக்கறையாகச் செய்தவன் மூக்கை மட்டும் ஏன் அடைத்து வைத்தான்?

வாங்கின புதிதில் ஒன்றும் தெரியவில்லை. மழை, அப்புறம் பனி. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊரிலிருந்து வந்த மாமா "இது என்னடா, மீன் தொட்டியா? மீன் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

2023 ஏப்ரலில் உண்மை தெரிந்தது. எங்கள் வீடு பெரம்பூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. மத்தியானம் மூன்று மணிக்கு சுவர்க் கடிகாரத்தில் இருக்கிற சின்ன தெர்மாமீட்டர் 37 காட்டும். ஜிடிஏ 5 கேம் போட்டு இருபது நிமிடம் ஆகியிருக்காது, அம்மா சமையலறையிலிருந்து "மிக்ஸியை யாருடா போட்டது?" என்று குரல் கொடுத்தார். பார்த்தால் சிபியு 88 டிகிரி, கிராஃபிக்ஸ் கார்டு 84. ரைசன் 5 5600க்கு உச்ச வரம்பு 90, ஆர்டிஎக்ஸ் 3060க்கு 93. எல்லைக்குள்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எரிந்து போகாது, உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைவிடக் கொடுமை சத்தம். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடினாலும் அந்த இரைச்சல் மேஜை வழியாக முழங்கைக்கு வந்து சேரும்.

அப்போது ஒரு மடத்தனம் செய்தேன். பிராசஸர் பெட்டியோடு வந்த குட்டி கூலர்தான் வில்லன் என்று முடிவு கட்டி, 2,100 ரூபாய் கொடுத்து டீப்கூல் ஏகே400 என்ற பெரிய கூலரை வாங்கிவந்தேன். பழைய கூலரைக் கழற்றும்போது ஸ்க்ரூவை எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தேன். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவுகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசையாகியிருக்கிறது, பிராசஸரும் சாக்கெட்டை விட்டு கூலரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. இந்த ஏஎம்4 சாக்கெட் சிப்பில் அடியில் 1,331 ஊசி. அதில் மூன்று சாய்ந்திருந்தன. மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தை வரிசைக்கு நடுவே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அரை மணி நேரம். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. நீங்கள் கழற்றுவதாக இருந்தால் முதலில் பத்து நிமிடம் ஒரு கேம் ஓடவிட்டு பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு மெஷினை அணைத்து, கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள்.

இத்தனைக்கும் பலன் என்ன? 88 இருந்த சிபியு 83க்கு வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு அசையவே இல்லை. கூலரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அருமையான சாமான். சூட்டைக் கடத்தும் நாலு ஹீட் பைப் இருந்து என்ன செய்ய, அதற்குக் கிடைக்கிற காற்றே கொதிக்கிற காற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டு ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார். ஏதோ தோன்ற, ஒரு குச்சியை எடுத்துவந்து கேபினட் முன்னால் பிடித்தேன். கேம் ஓடுகிறது, கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஃபேனும் சுற்றோ சுற்று என்று சுற்றுகின்றன. புகை? கோயிலில் நிற்கிற மாதிரி நேராக மேலே போகிறது. ஃபேன்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குச்சியைக் கண்ணாடியின் பக்கவாட்டுச் சந்துக்குக் கொண்டுபோனேன். ஒரு ரூபாய் நாணயத்தை நிமிர்த்திச் செருகினால் நுழையும், அவ்வளவுதான் அதன் அகலம். அங்கே புகை கொஞ்சம் தயங்கி உள்ளே போனது. மூன்று ஃபேனுக்கும் காற்று வரும் வாசல் அந்த ஒன்றுதான். பிறகு மேல்பக்கம் பிடித்தேன். மேலே இருக்கிற ஃபேன் வெளியே தள்ளிய காற்று புகையை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கியது. அது அப்படியே வளைந்து இறங்கி, முன்பக்கச் சந்து வழியாகத் திரும்ப உள்ளேயே போய்விட்டது! விட்ட மூச்சையே இழுத்துக்கொண்டிருக்கிறது பெட்டி.

கண்ணாடி முகப்பு வெறும் கிளிப்பில்தான் நிற்கிறது. அடியில் கைவிட்டு இழுத்தேன், 'படக்' என்று வந்தது. மறுபடி ஊதுவத்தியைக் காட்டினால், புகை நூல் பிடித்த மாதிரி படுத்துக்கொண்டு நேராக ஃபேனுக்குள் போனது. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தேன். சிபியு 75, கார்டு 76. அதே அறை, அதே மத்தியானச் சூடு சுவரில் இன்னும் இருக்கிறது. 2,100 ரூபாய்க்கு ஐந்து டிகிரி, ஒரு கிளிப்பைக் கழற்றியதற்கு எட்டு டிகிரி. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

கணக்குப் போட்டால் புரியும். 65 வாட் என்று போட்டிருந்தாலும் இந்த பிராசஸர் 76 வாட் வரை இழுக்கும். கார்டு 170. மற்றதெல்லாம் சேர்த்து முந்நூறுக்குப் பக்கம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஒரு மூடின பெட்டிக்குள் வைத்துவிட்டு, காற்று வர ஒரு ரூபாய் நாணயச் சந்து விட்டிருக்கிறார்கள். "வாட்டர் கூலிங் போட்டா சரியாகிடுமா அண்ணா" என்று தம்பி கேட்டான். அந்த ரேடியேட்டரும் அறைக் காற்றை வைத்துத்தானே தண்ணீரை ஆற்ற வேண்டும்? அறையே 37 என்றால் எந்த கூலரும் அதற்குக் கீழே கொண்டுபோகாது. 76 வாட் சிப்புக்கு அந்தச் செலவு தண்டம்.

கூட வந்த ஃபேன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்றும் மோலெக்ஸ் என்கிற வெறும் கரண்ட் ஒயரில் நேராக எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகின்றன. மதர்போர்டுக்கு அவை இருப்பதே தெரியாது. கேம் ஆடினாலும் ஒரே வேகம், மின்கட்டணம் கட்ட பிரவுசர் திறந்தாலும் அதே வேகம். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்னால் இரண்டு ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் ஃபேன் மாற்றினேன். நாலு பின் ஒயர், மதர்போர்டிலேயே செருகி பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரையில்) வேகம் வைத்துக்கொள்ளலாம். இப்போது சும்மா இருக்கும்போது 600 சுற்று, காதுக்கே கேட்காது. வெளிச்சம் கிடையாது, கன்னங்கரேல் என்று இருக்கின்றன. முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. இந்த மாதிரி மெஷினுக்கு இது போதும். மேலே இருந்ததைக் கழற்றிவிட்டேன். கடையில் மாட்டித் தருகிறார்கள் என்றால் ஃபேன் திசையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனின் எந்தப் பக்கத்தில் குறுக்குச் சட்டம் தெரிகிறதோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும்.

முகப்பைக் கழற்றிய சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. தூசி! எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த மண் பூராவும் என் கார்டில்தான் இருந்தது. ஒரு நாள் ராத்திரி பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. மாமா கேட்ட மீனுக்குப் பதில்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெல்க்ரோ கொசுவலை அடித்த ஆள் விட்டுப்போன துண்டு ஞாபகம் வந்தது. பரண் மேலே சுருட்டி வைத்திருந்தோம். முகப்பு அளவுக்கு ஓரத்தில் இரண்டு விரல் கூட விட்டு வெட்டினேன். நான்தான் சொன்னேனே, தகடு நல்ல கனம். காந்தம் பிரமாதமாகப் பிடிக்கிறது. ஃப்ரிட்ஜில் இருந்த எட்டுக் காந்தத்தை எடுத்து நாலு மூலைக்கும் நடுவுக்கும் வைத்தேன், முடிந்தது. இப்போது என் கேமிங் பிசியின் முகத்தில் ஒரு மாம்பழம், ஒரு திருப்பதி பெருமாள், ஒரு கேஸ் ஏஜென்சி விளம்பரம் எல்லாம் இருக்கிறது. வலை போட்டதில் இரண்டு டிகிரி ஏறியது, பரவாயில்லை. மாதம் ஒருமுறை வலையைக் கழற்றிக் குழாயில் காட்டி, காயவைத்து மாட்டுகிறேன். இந்தக் கேபினட்டில் எனக்குப் பிடித்த பாகம் எது என்று கேட்டால் இதுதான். கம்பெனிக்காரன் கொடுக்காத பாகம்.

அந்தக் கண்ணாடி? அப்பா எடுத்துக்கொண்டார். மர டீப்பாய் மேல் போட்டு, அதற்கடியில் சிலிண்டர் புக்கிங் நம்பரும் பால்காரர் கணக்கும் வைத்திருக்கிறார். நல்ல கண்ணாடி, அதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

சரி, தம்பிக்குப் பதில். அவன் இருப்பது வேலூரில். வெயிலூர் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பண்ணுகிற இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு முன்னால் கண்ணாடி போட்ட பெட்டி வாங்கக் கேட்கிறான். டேய், கடைக்குப் போ. கேபினட் முகப்பில் வாயை வைத்து ஊது. மூச்சு உன் முகத்துக்கே திரும்பி வந்தால் வைத்துவிட்டு வா. மெஷ் (ஓட்டை போட்ட முகப்பு) என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பிவிடாதே, சிலதில் ஓட்டைத் தகட்டுக்குப் பின்னால் கெட்டியான ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். போன் டார்ச்சை உள்பக்கம் வைத்துப் பார், வெளிச்சம் வந்தால் காற்றும் வரும். கூலருக்கு உயரம் எவ்வளவு இடம் என்று கேள், ஏகே400 நிற்க 155 எம்எம் வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் அப்புறமாக ஒரு எல்இடி பட்டை ஒட்டிக்கொள், ஐந்து வோல்ட் மூன்று பின் ஒயரைப் பன்னிரண்டு வோல்ட்டில் மட்டும் செருகிவிடாதே.

இதை எழுதும்போது மணி மத்தியானம் மூன்றரை, கத்திரி வெயில், கடிகாரம் 38 காட்டுகிறது. கார்டை 80 சதவீத பவரில் கட்டிவைத்து, வினாடிக்கு 60 ஃபிரேமோடு நிறுத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் கேட்டால் இந்தக் கேபினட்டுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று காந்தம் ஒட்டுகிறதே என்பதற்காக. ஆனால் போன மார்கழியில் அப்பாவிடம் கெஞ்சி டீப்பாயிலிருந்து கண்ணாடியை வாங்கி, துடைத்து, மாட்டி, இரண்டு வாரம் லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். பொங்கலுக்கு மறுநாள் பால்காரர் கணக்குக் கேட்டு வந்துவிட்டார், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.