பிள்ளைக்கு வீட்டில் தைத்ததில் எது தேறியது: மெஷினோடு மூன்றாவது ஆண்டு

குழந்தைத் துணியை வீட்டில் தைத்தால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் பாதி நம்பினால் போதும். உள்பனியன், கையில்லாச் சட்டை போன்றவற்றைக் கடையில் பொட்டலமாக விற்கும் விலைக்கு வீட்டில் தைக்க முடியாது. துணி, நூல், பட்டன் என்று கூட்டினாலே கை கடிக்கும். இழந்த தூக்கத்தை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆனால் கடைத்துணி நம் பிள்ளைக்கு ஒத்துவராத இடங்கள் சில உண்டு. கோலாலம்பூர் புழுக்கத்துக்குத் தடியான இரவுச்சட்டை, பெம்பர்ஸ் டயப்பருக்கு மேல் ஏறாத கால்சட்டை, நாலு வாய்க் கஞ்சியில் ஊறிப்போகும் பிப். மெஷின் தன் விலையைத் திருப்பித் தந்தது அந்த இடங்களில்தான்.

செந்தூலில் அடுக்குமாடி வீடு, முழுநேர வேலை. தனியார் துறையில் 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள் ஆகிவிட்டதே, அதில் உட்கார்ந்து தைத்துத் தள்ளிவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் அதை மறந்துவிடுங்கள். பால் கொடுப்பது, பத்தியம், விட்டுவிட்டுத் தூக்கம் என்றே அந்த நாட்கள் ஓடிவிடும். வயிற்றுப்பிள்ளையோடு ஐந்தாம், ஆறாம் மாதத்தில் தைத்து வைத்ததுதான் பிறந்ததும் கை கொடுத்தது. வேலைக்குத் திரும்பிய பிறகு பிள்ளை தொட்டிலில் அயர்ந்ததும் கிடைக்கும் அரைமணிதான் தையல் நேரம்.

அந்த அரைமணியை விழுங்குவது தையல் இல்லை, வெட்டு. துணியை விரித்து, காகிதத்தை வைத்து, வரைந்து, வெட்டுவதற்குள் பிள்ளை எழுந்துவிடும். அதனால் வெட்டும் வேலையை மொத்தமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தள்ளிவிட்டேன். அன்றைக்கு என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தித்திவங்சா ஏரிப்பக்கம் போய்விடுவார். வெட்டிய துண்டுகளை உருப்படிக்கு ஒரு ஜிப் பை என்று போட்டு, அதற்குரிய எலாஸ்டிக், கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் கூடவே வைத்துவிடுவேன். இரவில் பையைத் திறந்தால் தைப்பது மட்டும்தான் பாக்கி. இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் ஆரம்பித்தது எதுவும் முடியத் தொடங்கியது.

மெஷினுக்கு வருவோம். ஈப்போவில் அம்மாவிடம் பழைய சிங்கர் மிதி மெஷின் இருக்கிறது. பாப்ளினில் அது போடும் நேர்த்தையலுக்கு இன்றைக்கும் ஈடில்லை. ஆனால் அதற்கு நேர்த்தையல் மட்டும்தான் தெரியும். குழந்தைக்குத் தைப்பதில் பெரும்பகுதி இழுபடும் பின்னல் துணி. அதற்கு இடமும் வலமுமாக மாறி மாறிப் போகும் ஜிக்ஜாக் தையல் வேண்டும். இல்லையென்றால் சட்டையைத் தலைவழியாக மாட்டும்போது நூல் படபடவென்று அறும். ஆகவே மின்சார மெஷின்களில் இருப்பதிலேயே எளிய ரகம் ஒன்றை வாங்கினேன். பிராண்ட் பெயர் முக்கியமில்லை. ஜிக்ஜாக்கின் அகலத்தையும் நீளத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் துணிக்கு அகலம் 0.5, நீளம் 2.5 மில்லிமீட்டர் வைக்கிறேன். பார்க்க நேர்த்தையல் மாதிரியே இருக்கும், இழுத்தால் கொடுக்கும். இணையத்தில் பொம்மை போல விற்கும் பேட்டரி மெஷின்கள் பின்னல் துணிக்குத் துளியும் உதவாது.

ஊசியில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஊசி பின்னல் துணியின் இழையைக் குத்திக் கிழிக்கும், தையலும் தாவித் தாவிப் போகும். முனை உருண்ட ஜெர்சி ஊசி இழையை விலக்கிக்கொண்டு இறங்கும். 75/11 அளவு என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் மாத்திரைப் போத்தலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஊசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

துணிக்கு எல்.ஆர்.டி. ரயிலில் பண்டாராயா நிலையத்தில் இறங்கினால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைத்தெரு. அப்படியே நடந்தால் மஸ்ஜித் இந்தியா. கம்டார் என்ற பெரிய துணிக்கடை முதல் சின்னச் சின்ன மீட்டர்க் கடை வரை அந்த வட்டாரத்திலேயே முடிந்துவிடும். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் கைப்பிள்ளையோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். துண்டுத்துணிக் கூடையைக் கிளறாமல் வரக்கூடாது. குழந்தைக்கு முக்கால் மீட்டர் என்பதே பெரிய துணி. எதை வாங்கினாலும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், அதிலும் பின்னல் துணி கூடுதலாகவே சுருங்கும். காசு கொடுக்காமல் கிடைத்த மிக நல்ல துணி அப்பாவின் பழைய வேட்டி. பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன அந்தத் துணிக்கு நிகராகக் கடையில் எந்த மஸ்லினும் எனக்குக் கிடைக்கவில்லை. பால் துடைக்கும் துண்டு, நாப்பி, முதல் மாதச் சட்டை எல்லாம் அதில்தான்.

முதல் மாதச் சட்டைகளில் தையல் விளிம்பைத் தோலில் உரசாதபடி வெளிப்பக்கமாக விட்டேன். பார்ப்பவர்கள் திருப்பிப் போட்டிருப்பதாகச் சொல்வார்கள், சொல்லட்டும். கையுறை தைப்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. உள்ளே தொங்கும் ஒரு நூலிழை பச்சைப்பிள்ளையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். கையுறையே தைக்காமல் நகத்தை வெட்டிவிடுவது என் கட்சி.

கழுத்துக்குத் தோளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் மடிப்புக் கழுத்துதான் தைக்கிறேன். மாட்ட எளிது என்பது ஒரு காரணம். பெம்பர்ஸ் தாண்டி முதுகுவரை வழிந்துவிட்டால் சட்டையைத் தலைவழியாக உருவாமல் தோளை விரித்துக் கால்வழியாகக் கழற்றிவிடலாம் என்பது பெரிய காரணம். அனுபவப்பட்டவர்களுக்குப் புரியும். கழுத்துப்பட்டியை நன்றாக இழுபடும் வரிப்பின்னலான ரிப் துணியில், கழுத்துச் சுற்றளவில் ஐந்தில் நாலு பங்கு நீளத்துக்கு வெட்டி இழுத்துத் தைத்தால் வாய் பிளந்து தொங்காது.

பட்டனுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்நாப், அதாவது அழுத்திப் பூட்டும் பொத்தான். அழுத்தும் இடுக்கியோடு சேர்த்தே விற்கிறார்கள். பின்னல் துணியில் நேரடியாக அடித்தால் நாலு இழுப்பில் துணியோடு பிய்ந்துவரும்; உள்ளே ஒரு துண்டு பாப்ளின் வைத்து அடித்தவை இன்னும் அப்படியே இருக்கின்றன. உலோக ஸ்நாப்பில் நிக்கல் இருந்தால் சில பிள்ளைகளுக்குத் தோல் தடிக்கும். வெல்க்ரோவை நான் ஒதுக்கிவிட்டேன்: கழுத்தைக் கீறும், துவைக்கும்போது கூட இருக்கும் துணியையெல்லாம் பிறாண்டும்.

இத்தனையிலும் அதிகம் உழைத்தது கால்சட்டை. பிருஷ்டப் பகுதி தாராளமாக, கணுக்காலில் நீளமான ரிப் பட்டி. பிள்ளை முதல் வருஷத்தில் சுமார் 25 சென்டிமீட்டர் வளரும். காகித அச்சுகளில் வரும் 62, 68, 74 என்பதெல்லாம் உயரக் கணக்கு, அளவுக்கு அளவு 6 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். கணுக்கால் பட்டியை முதலில் மடித்துவிட்டு, வளர வளரப் பிரித்தால் ஒரே கால்சட்டை இரண்டு அளவுக்கு ஓடும். 60 அங்குல அகலத் துணியில் அரை மீட்டருக்கு 68 அளவில் இரண்டு கால்சட்டை வரும். தாஸ்காவில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், மாற்றுத்துணி கேட்பார்கள் என்பதால் ஒரே சாம்பல் நிறத்தில் அடுக்கிவிட்டேன், நூல் மாற்றும் வேலையும் மிச்சம். ஒரே தொல்லை எலாஸ்டிக். டோபி கடை டிரையரின் சூட்டில் அது செத்துப்போகிறது. கொடியில் காயப்போட்டவை இன்னும் இறுக்கமாக இருக்கின்றன.

பிப்பில் முன்பக்கம் பாப்ளின், பின்பக்கம் பூத்துவாலைத் துணி. ரசச்சோறு ஊட்டத் தொடங்கியதும் மஞ்சள் கறை வந்தே தீரும். சோப்புக்கு அடங்காத அந்தக் கறை ஈரத்தோடு வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். மழைக்கால மாதங்களுக்கென்று மஞ்சள் நிறத் துணியிலேயே நாலைந்து தைத்து வைத்திருக்கிறேன், இந்த வீட்டின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று அவர் சொல்கிறார்.

தைக்காதவையும் உண்டு. அத்தை தலையணை கேட்டார். "தலை தட்டையாப் போயிடும்மா, பச்சைப்பயறு தோலு போட்டு ஒரு சின்னதாத் தைச்சா என்ன?" என்று. "ஒரு வயசு வரைக்கும் படுக்கையில தலையணை, போல்ஸ்டர் எதுவும் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க அத்தை, மூச்சு அடைச்சிடுமாம்" என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. மீந்த பாப்ளினில் அவருடைய தலையணைக்கே உறை தைத்துக் கொடுத்ததும் பேச்சு ஓய்ந்தது. அதே காரணத்துக்காகத் தொட்டிலின் பக்கத் தடுப்பு மெத்தையும் தைக்கவில்லை. கழுத்தில் கட்டும் நாடா எதிலுமே கிடையாது, கயிறு எங்காவது மாட்டினால் ஆபத்து.

தீபாவளிப் பாவாடை சட்டைதான் காசுக்கணக்குப் பார்க்காமல் தைத்தது. அம்மாவின் பழைய பட்டுப்புடவைக் கரை, உள்ளே முழுக்க மெல்லிய பருத்தி வாயல். பட்டும் ஜரிகையும் பிள்ளை உடம்பில் நேராகப் படக்கூடாது. ஒரு வயதுப் பிள்ளைக்கு இடுப்பே கிடையாது, பாவாடை நிற்காது. அதனால் வாயலில் ஒரு கையில்லா உள்சட்டை தைத்து, அதன் விளிம்போடு பாவாடையைச் சேர்த்துவிட்டேன். அடியில் மூன்று டக் (மடிப்பு) பிடித்துத் தைத்திருந்தேன்; அடுத்த தீபாவளிக்கு ஒன்றைப் பிரித்ததும் கணுக்காலுக்குச் சரியாக இறங்கியது. இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, தோள்தான் அதுவரை தாங்காது போலிருக்கிறது.

மெஷின் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பருத்திப் பஞ்சு பாபின் குழியில் அடைந்துகொள்ளும், தகட்டைக் கழற்றித் தூரிகையால் எடுக்க வேண்டும். சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாமல் அடியில் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். மெஷினை அலமாரியில் பூட்டி வைத்தால் அவ்வளவுதான், எடுத்து வைக்கவே அலுப்பாக இருக்கும். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையை அதற்கே விட்டுவிட்டேன்.

விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வேண்டுமா என்று தோழிகள் கேட்கிறார்கள். விளிம்பு கடைத்துணி மாதிரி சுத்தமாக வரும், வேகமும் அதிகம். ஆனால் நாலு நூல் கோக்க எடுக்கும் நேரத்தில் நான் ஒரு கால்சட்டையின் இரண்டு பக்கத்தையும் மூட்டிவிடுவேன். இன்டர்லாக் விளிம்பு எளிதில் பிரியாது, ஜிக்ஜாக்கே அதற்குப் போதும். விற்பனைக்குத் தைப்பவர்கள் வாங்கலாம். நான் இப்போதைக்கு வாங்குவதாக இல்லை.